பதினாறாம் எண் வீட்டின் தரை

அத்தியாயம் 11

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு எழுந்தேன். என் நோட்டு மேசையில் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள் நான் அதைக் கவிழ்த்து வைத்திருந்தேன். இப்போது நிமிர்ந்து கிடந்தது.

அம்மா படித்துவிட்டாள்.

அதில் இருந்தது இவ்வளவுதான். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். இரண்டாம் எண் மேட்டில், இருபத்து நான்காம் எண் பள்ளத்தில். எல்லா வீடுகளின் பின்புறத்தையும் ஒட்டி ஒரே கால்வாய். ஒவ்வொருவராகச் சமையலறையைப் பின்னுக்கு நீட்டியபோது, கால்வாய்க்குள் ஒரு குழாயை வைத்து மேலே தரை போட்டுவிட்டார்கள். அதை முதலில் செய்தவர் என் அப்பா இத்ரிஸ். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள்.

மழை பலத்தால் பதினான்காம் எண்ணில் கிம் லான் அன்ட்டி வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும். பிறகு பன்னிரண்டு, பிறகு பத்து. பதினாறாம் எண்ணான எங்கள் வீட்டில் ஏறியதே இல்லை. எங்களுக்குக் கீழே உள்ள வீடுகளிலும் இல்லை. இதைக் கவனிக்க எனக்கு இருபத்து மூன்று வயது ஆகவேண்டியிருந்தது.

மாலை வகுப்பில் கட்டட வரைபடம் கற்கிறேன். குழாயில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சாயத்தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அங்கே சொன்னார்கள். என்னிடம் சாயம் இல்லை, வீட்டில் ரோஸ் சிராப் இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மேட்டு வீட்டருகே ஊற்றிவிட்டு, பின்சந்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் கம்பி மூடிகளைத் திறந்து பார்த்தேன். இரண்டிலிருந்து பதினான்கு வரை வர ஐம்பது வினாடி. எங்கள் வீட்டுக்கு அடியில் புகுந்து வெளியே வர ஒன்பது நிமிடம்.

அதற்குக் கீழே அளக்கவில்லை. பயந்துவிட்டேன். 'தவறாக இருக்கலாம்' என்று ஓரத்தில் மூன்று முறை எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு முறை.

சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த நோட்டு..."

"அலமாரி அந்த ஓரத்த பிடி."

"எதுக்கு வெளிய தூக்கறோம்?"

"இன்னிக்கு தெருவே வேலை செய்யப் போகுது. நாப்பது பேருக்கு நாசி லெமாக். வாசல்லயே வச்சு பரிமாறினா சுலபம்."

"அதுக்கு மசாலா டப்பா எதுக்கு? ஃப்ரிட்ஜ் எதுக்கு?"

"கேள்வி கேக்கற வயசு போச்சு, இது தூக்கற வயசு. தூக்கு."

தூக்கினேன். கடைசியில் அறையில் மிஞ்சியது பச்சைத் தரை மட்டும்தான். அம்மாவே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த டைல்ஸ். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. சிறுவயதில் எண்ணியிருக்கிறேன். பெருநாள் நாட்களில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்தத் தரையில்தான் கால் நீட்டி உட்கார்ந்து கெத்துப்பாட் சோற்றுக்கு ஓலைக்கூடு பின்னுவார்கள்.

வாசலில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். எங்கள் தாமான் செம்பாக்கா குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒன்பது மணிக்கு நகராட்சி எஞ்சினியர் வருகிறார். தெருக்கோடியில் இருக்கும் பெரிய கால்வாய் தூர்ந்துவிட்டது, அதனால்தான் வீடுகளில் தண்ணீர் ஏறுகிறது என்று அப்பா ஒரு மனு தயார் செய்திருந்தார். நாற்பத்திரண்டு வீடுகளில் நாற்பத்தொரு கையெழுத்து. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பதினெட்டாம் எண் மட்டும் பாக்கி.

"சுரயா, 'கேட்டுக்கொள்கிறோம்'னு முடிக்கவா, 'வலியுறுத்துகிறோம்'னு முடிக்கவா?"

"ரெண்டாவதுல சண்டை வாசனை வருதுப்பா."

"அதான் எனக்கும் புடிச்சிருக்கு."

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"எஞ்சினியர் போனப்புறம் சொல்லு."

எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. தெருவே கூடி வேலை செய்யும் எங்கள் கோத்தோங் ரோயோங் ஞாயிறுகளில் வீட்டுக்கு ஒருவராவது வராமல் இருக்கமாட்டார்கள். வராதவர் வீட்டைப் பற்றி அடுத்த ஞாயிறு வரை பேச்சு ஓடும். ஓர் அணி நடைபாதை விளிம்புக்குக் கறுப்பு வெள்ளை அடித்தது. இன்னோர் அணி செண்பக மரங்களின் கிளைகளைக் கழித்தது. ஐம்பது வயதான வீடுகள் எங்களுடையவை. அருகில் புதிதாக எழுந்திருக்கும் பதினெட்டு மாடிக்காரர்கள் எங்களைப் 'பழைய தாமான்', அதாவது பழைய குடியிருப்பு, என்பார்கள். அதற்காகவே நாங்கள் வேலிக் கதவுகளுக்கு வருடா வருடம் சாயம் பூசுகிறோம்.

பத்தாம் எண் தாமோதரன் அங்கிள் வானத்தை அண்ணாந்து பார்த்தார். எங்கள் ஊர் தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள்.

"நாலு பத்து," என்றார். "ஒரு கோப்பி பந்தயம்."

"மூணு அம்பது," என்றார் அப்பா.

"பக் இத்ரிஸ், போன வாரமும் தோத்தீங்க."

"போன வாரம் மேகம் ஏமாத்திருச்சு."

கிம் லான் அன்ட்டி ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக வந்து, ஆவியில் வேகவைத்த பாவ் தட்டை அம்மாவிடம் கொடுத்தார். தையல்காரர். தைக்க வந்த துணிகளை எல்லாம் தலைக்கு மேலே பலகை அடித்து வைத்திருப்பார். அவர் வீட்டுச் சோபா, அலமாரி இரண்டும் மும்மூன்று செங்கல் உயரத்தில் நிற்கும். சோபாவில் உட்கார்ந்தால் கால் தொங்கும்.

"இந்த வருஷ கடைசி மழையையும் பாக்கறேன் மைமூன்," என்றார் அம்மாவிடம். "இன்னொரு தடவ உள்ள ஏறிச்சுன்னா, பூட்டிட்டு பினாங்குல பொண்ணு வீட்டுக்கு போயிடுவேன். முட்டி ஒத்துழைக்கல. தண்ணி தள்ள முடியல."

அம்மா சம்பலை இன்னும் வேகமாகக் கிளறினாள்.

எஞ்சினியர் நோராய்னி சரியாக ஒன்பதுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். அப்பா மனுவைப் படிக்க ஆரம்பிப்பதற்குள், "முதல்ல பாத்துடலாமே," என்று தெருக்கோடிக்கு நடந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். நாலு பேர் சேர்ந்து பெரிய கால்வாயின் கல்மூடியைப் புரட்டினார்கள்.

உள்ளே சுத்தமாக இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது.

"என்சிக் இத்ரிஸ், இங்க அடைப்பே இல்லையே," என்றார்.

"இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க."

பார்த்தார். அங்கேயும் சுத்தம்.

"மேல இருந்து வரவேண்டிய தண்ணி இங்க வந்தே சேரல. தப்பு எங்க கால்வாய்ல இல்ல. குறை எதுவும் இல்லைன்னுதான் நான் எழுதணும்."

அப்பா மனுவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள். என் பையில் நோட்டு இருந்தது. கை உள்ளே போனது, ஆனால் எடுக்கவில்லை. அளவு தவறென்றால் அப்பாவை வீணாகத் தலைகுனிய வைத்தவள் ஆவேன். சரியென்றால் இன்னும் மோசம்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மா வந்தாள். கையில் சம்பல் கரண்டி.

"சுரயா, அத எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை எஞ்சினியரிடம் கொடுக்காமல் அப்பாவிடம் நீட்டினாள். அப்பா நின்ற இடத்திலேயே படித்தார். பக்கம் திருப்பினார், திரும்ப முன் பக்கத்துக்கு வந்தார்.

"இது எப்ப எழுதினது?"

"வியாழக்கிழமை முடிச்சேன்."

"நேத்து சனிக்கிழமை. நாலு தெரு ஏறி இறங்கி கையெழுத்து வாங்கினேன். நீயும் பேனா புடிச்சுக்கிட்டு கூடவே வந்த."

"தப்பா இருக்கும்னு நெனச்சேன்."

"யாரு, நானா?"

"என் அளவு."

தாமோதரன் அங்கிள் எட்டிப் பார்த்தார். "கால்வாய்ல சிராப் ஊத்தினியா? அதான் நம்ம வீட்டுக்கு ரெண்டு நாளா எறும்பு வருது." நாலு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"என் குழாய் நல்ல குழாய். இருபத்தாறு வருஷமா ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல."

"நம்ம வீட்டுக்குள்ள வரல, அபாங்," என்றாள் அம்மா அவரைப் பார்த்து. குரல் உயரவே இல்லை. "இருபத்தாறு வருஷமா கிம் லான் சோபா செங்கல் மேல நிக்குது. என் அடுப்பு பச்சை டைல்ஸ் மேல நிக்குது."

அப்பா எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பு, கேஸ் சிலிண்டர், அலமாரி, ஃப்ரிட்ஜ், மசாலா டப்பா வரை எல்லாம் வெயிலில் நின்றன. அவர் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"நீ எப்ப முடிவு பண்ணின?"

"காலைல நாலு மணிக்கு. தேங்கா துருவும்போது."

கிம் லான் அன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்தார். "வேணாம் மைமூன். உன் தரை."

"உனக்கு தெரியுமா?"

அன்ட்டி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். "தண்ணி உங்க செவுரு வரைக்கும் போயி திரும்பி வரும். நான் பாத்திருக்கேன்."

"ஏன் ஒரு தடவ கூட சொல்லல?"

"எப்படி சொல்றது? உன் வீட்ட உடைன்னா? பெருநாளுக்கு பெருநாள் ரெண்டாங் கறி குடுத்து விடற. அதுவும் அந்த அடுப்புலதான வருது."

அப்பா ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். அவர் தயார் செய்திருந்த பேச்சு நான்கு பக்கம். பேசியது இவ்வளவுதான்:

"இந்த வரிசையில சமையலறைய மொதல்ல நீட்டினவன் நான். மொதல்ல உடைக்கப் போறவனும் நான்தான். சுத்தியல் இருக்கறவங்க வாங்க."

"மொத அடி என்னோடது," என்றாள் அம்மா.

அவள் அம்மிக் குழவியோடு சமையலறைக்குள் வந்தாள். நான் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு நேர்கோடு போட்டிருந்தேன். பதினான்கின் சுவரிலிருந்து பதினெட்டின் சுவர் வரை. அம்மா பிஸ்மில்லா சொல்லிக் குழவியைப் போட்டாள். ஒரே ஒரு டைல் விரிந்தது. கதவு, ஜன்னல், பின்சந்து எல்லாப் பக்கமும் கைதட்டல். பிறகு பெரிய சுத்தியல்கள் இறங்கின.

ஓரடி தோண்டினார்கள். மண். இரண்டடி. மண்தான்.

பதினொன்று இருபதுக்கு மூன்றடி ஆனது. குழாய் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொரு டைல்ஸ் போயிருந்தது. எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. நோட்டைப் பிரித்து, நாடாவை எடுத்து, மறுபடி அளந்தேன். இரு பக்கமும் குழாய் வாய் தெரிகிறது, நடுவில் மட்டும் இல்லை.

"நிறுத்திடலாம்," என்றேன். "நான் தப்பு பண்ணிட்டேன்."

அப்பா குழிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். வெள்ளைச் சட்டை முழுக்க மண். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"இங்க குளிக்கிற தொட்டி இருந்துச்சு," என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி. டைல்ஸ் போடற வரைக்கும் அத இடிக்க உங்கம்மா ஒத்துக்கல. அதனால குழாய வளைச்சு சுத்தி போட்டோம். இப்படி ஒரு முழங்கை, அப்புறம் இப்படி ஒண்ணு."

என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, என் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வரைந்தார்.

"வளைவு இருந்தா தண்ணி நிக்குமேப்பா."

"குழாய் வளைஞ்சா தண்ணியும் வளைஞ்சு போயிடும்னு நெனச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "கிளாஸ்ல நேர்கோடு போடச் சொல்லிக் குடுத்தாங்க. வீடு கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லிக் குடுக்கலையா?"

"இல்லப்பா."

"ஃபீஸ திருப்பிக் கேளு."

அவர் வரைந்த முதல் முழங்கையை ஒரே அடியில் கண்டுபிடித்தார்கள். உள்ளே எண்ணெயும் தேங்காய் நாரும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. தாமோதரன் அங்கிள் கடப்பாரையால் அதைக் குத்தியதும் பதினான்காம் எண் பக்கம் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக வந்தது. நாற்றத்தில் எல்லோரும் வெளியே ஓடினோம். எஞ்சினியர் நோராய்னி மட்டும் ஓடவில்லை. எப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"குழாயே வேணாம்," என்றார். "இந்தப் பொண்ணு போட்ட நேர்கோட்டுலயே கால்வாய திறந்து விடுங்க. அடியிலயும் ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கினா இன்னிக்கு மழைக்கு தாங்கும். எல்லாம் காஞ்ச பிறகு மூடி போட்டுக்கலாம்."

பழைய முழங்கைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வீடு வீடாகச் செங்கல் வந்தது. பூந்தொட்டிக்கு அடியிலிருந்தது, கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்தது, எதற்கென்றே தெரியாமல் கிடந்தது. மூன்று இருபதுக்கு மலைப்பக்கம் கறுத்துவிட்டது. கடைசி இரண்டடிக்குச் செங்கல் போதவில்லை. அங்கே வெறும் மண். தண்ணீர் வந்தால் கரைந்து மறுபடி அடைத்துக்கொள்ளும்.

"எத்தன வேணும்?" என்றார் கிம் லான் அன்ட்டி.

நான் கணக்குப் போட்டேன். இரண்டு முறை. "இருபத்தஞ்சு."

அவர் தன் வீட்டுக்குப் போனார். ஒரு நிமிடம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாராவது வந்து சோபாவ தூக்குங்க."

"அன்ட்டி, மழை வருது," என்றேன். ஓடிப்போய் வாசலில் நின்றேன். "முதல்ல தண்ணி போகுதான்னு பாத்துடலாம். என் அளவு ஏற்கெனவே ஒரு தடவ..."

"உன் அளவ நான் நம்பல," என்றார் அவர். "உங்கம்மா தரைய உடைச்சா. அத நம்பறேன். தூக்கு."

சோபாவுக்கு அடியிலிருந்து பன்னிரண்டு, அலமாரிக்கு அடியிலிருந்து பன்னிரண்டு. ஒன்று குறைந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை அவரே எடுத்துத் தந்தார். அப்பா அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் கடைசி இரண்டடியில் பதித்தார்.

முதல் சொட்டு மூன்று ஐம்பத்திரண்டுக்கு விழுந்தது. அப்பா ஒரு விரலைத் தூக்கித் தாமோதரன் அங்கிளுக்குக் காட்டினார். ஒரு கோப்பி.

பிறகு எங்கள் ஊர் மழை. எதிர்வீடு தெரியவில்லை. தரை பிளந்த சமையலறையில் இருபது பேர் சுவரை ஒட்டி நின்றோம். முதலில் ஒரு கலங்கல் வந்தது. அடுத்து இலைகள், ஒரு பல் தேய்க்கும் பிரஷ், தாமோதரன் அங்கிள் போன மாதம் தொலைத்த செருப்பு. அப்புறம் தண்ணீர் கால்வாய் விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஏறி, அங்கேயே நின்று, ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் அளந்தேன். நான்கு விரலைத் தாண்டவில்லை.

"போகுது," என்றார் அப்பா. அதையே பலமுறை சொன்னார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை போலும்.

மழை விட்டதும் எல்லோரும் பதினான்காம் எண்ணுக்குப் போனோம். வாசலிலேயே நின்றுவிட்டோம். தரை முழுக்க மண் கால்தடம். எங்கள் கால்தடம்தான். தண்ணீர்த் தடம் ஒன்றுகூட இல்லை. நடுவே கிம் லான் அன்ட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் பாதம் இரண்டையும் தரையில் பதித்து.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"ரொம்ப பள்ளமா இருக்கு. எழுந்திரிக்க முடியல. கை குடு."

அம்மா கை கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. பன்னிரண்டாம் எண்காரர்கள் அதற்குள் தங்கள் அலமாரியை இறக்கப் போய்விட்டார்கள்.

எஞ்சினியர் என் நோட்டைத் திருப்பித் தந்தார். "இந்தப் பக்கங்கள என் ரிப்போர்ட்ல சேக்கணும். நகல் எடுத்துத் தர முடியுமா?"

"நகல் கடையிலதான் வேலை பாக்கறேன்."

"'தவறாக இருக்கலாம்'ங்கறத அடிச்சுட்டு எடுங்க."

அடிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை அளக்காமல் விட்டது உறுத்தியது. மிச்சமிருந்த சிராப்பை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். எங்கள் கால்வாயில் ஊற்றினேன். எட்டே வினாடியில் சிவப்பு வெளியே வந்து, பூட்டிய பதினெட்டாம் எண்ணுக்கு அடியில் பாய்ந்தது. இருபதாம் எண்ணின் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சிவப்பு வந்தது. ஆனால் உள்ளே போன தண்ணீரில் பாதிதான் வெளியே வந்தது. மறுபடி பார்த்தேன். பாதிதான்.

மீதிப் பாதி அந்த வீட்டுக்குள் எங்கேயோ போகிறது.

திரும்பி வந்து சோபாவருகே குனிந்து, அம்மாவின் காதில் மெதுவாகச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் அன்ட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வீட்ட திறந்துதான் பாக்கணும்," என்றாள் அம்மா. "யார்கிட்ட போயி கேக்கறது? ஆறு வருஷமா ஆளே இல்ல."

கிம் லான் அன்ட்டி இந்த முறை யார் கையும் பிடிக்காமல் எழுந்தார். தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்தார். பட்டன்களுக்கு நடுவில் சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவி.

"என்கிட்டதான் இருக்கு," என்றார். "இத்தன வருஷத்துல நீதான் மொதல்ல கேட்டிருக்க."